மூச்சில்லாக் குரலின் முகாரி

துயரம் தீண்டாத மனிதர் இல்லை. துயரத்தைப் பாடாத மொழியும் இல்லை. நெஞ்சில் கனம் ஏறும்போது பேச்சு தடைப்படுகின்றது. பேச்சாக வெளிவர மறுப்பது பாட்டாக வெளிவருகின்றது. அப்படிப் பாடுகின்றவரின் குரல் தழுதழுக்கும். இடையிடையே மூச்சு அறும். சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். அந்த அறுந்த மூச்சுதான் கேட்போர் உள்ளத்தை உருக்குகின்றது என்று நாம் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கின்றோம்.

ஆயின், மூச்சே இல்லாத ஒரு குரல் அழுதால் என்ன ஆகும்? தாயின் வயிற்றில் பிறக்காத, பசி அறியாத, பிரிவு அறியாத ஒரு குரல் துயரத்தைப் பாடினால், அதைக் கேட்டு மனிதர் அழுவாரா?

அழுகின்றனர். ஜப்பான் நாட்டில் இலட்சக்கணக்கான இளைஞர்கள் அழுதிருக்கின்றனர். கடல் கடந்து, அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாத பிள்ளைகளும் அழுகின்றனர். அந்தப் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கின்றனர். ஆகவேதான் இதுபற்றி இந்த ஏட்டின் வாசகர்களோடு சற்றே உரையாட விழைகின்றோம்.

குரல் பிறந்த கதை

இசைக்கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஜப்பானின் யமஹா நிறுவனம், ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரிலுள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கியது. கணிப்பொறியைப் பாட வைக்க இயலுமா என்பதே அதன் நோக்கம். 2003இல் அந்த முயற்சி 'வோக்கலாய்டு' என்னும் பெயருடன் உலகுக்கு அறிவிக்கப்பெற்றது. மறு ஆண்டு அது விற்பனைக்கும் வந்தது.

இதன் செயல்முறை வியப்புக்குரியது. முதலில் ஒரு மனிதர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து, பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாகப் பாடுகின்றார். ஓர் ஒலியிலிருந்து மற்றோர் ஒலிக்கு நாவு நகரும் ஒவ்வொரு சேர்க்கையும் பதிவாக வேண்டும். ஜப்பானிய மொழிக்கு ஒரு சுருதியில் ஏறத்தாழ 500 சேர்க்கைகள் தேவைப்படும், ஆங்கிலத்துக்கோ 2,500. இவ்வாறு பதிவான குரல் துண்டு துண்டாக வெட்டப்பட்டுக் கணிப்பொறியில் சேமிக்கப்படுகின்றது. பின்னர், பாட்டு இயற்ற விரும்புபவர் திரையில் இன்ன சுரம், இன்ன அளவு, இன்ன சொல் என்று குறித்தால் போதும். மென்பொருள் உரிய துண்டுகளைத் தேடி எடுத்து, சுருதி கூட்டி, தையல் தெரியாதவண்ணம் தைத்துப் பாடிவிடும்.

ஜப்பானின் வடகோடியில், பனி மூடிய ஹொக்கைடோ தீவில் சப்போரோ என்னும் நகரம் உளது. அங்குள்ள கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா என்னும் நிறுவனம் 2007 ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தகைய ஒரு குரலை வெளியிட்டது. பெயர் ஹட்சுனே மிக்கு. 'எதிர்காலத்தின் முதல் ஒலி' என்பது அப்பெயரின் பொருள். சாக்கி ஃபுஜிட்டா என்னும் நடிகையின் குரலிலிருந்து எடுக்கப்பெற்றது அது. நீலப்பச்சை நிறத்தில் இரட்டைச் சடை தொங்கும் பதினாறு வயதுச் சிறுமியின் ஓவியம் ஒன்றும் அதற்கு முகமாக வழங்கப்பட்டது. வயது, உயரம், எடை ஆகியவற்றைக் குறித்தார்களேயன்றி, அவளுக்குக் கதை எதனையும் எழுதிவைக்கவில்லை. அந்த வெற்றிடமே பின்னர் வந்த அனைத்துக்கும் வித்தாயிற்று எனலாம்.

ஏனெனில், அந்த வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தவர்கள் புகழ்பெற்ற இசைவாணர்கள் அல்லர். பள்ளி மாணவரும் கல்லூரி மாணவரும், பகலில் வேலை பார்த்து இரவில் இசை அமைத்தவர்களுமே ஆவர். பாடகி ஒருத்தியை அமர்த்தப் பொருள் வசதி இல்லாதவர்கள். தம் குரலில் பாடக் கூச்சப்பட்டவர்கள். தம் அறையில் தனித்திருந்து இயற்றிய பாடலைப் புனைபெயர் ஒன்றில், 'நிக்கோ நிக்கோ டூகா' என்னும் காணொளித் தளத்தில் வெளியிட்டனர். கேட்டவர்களும் தத்தம் அறையில் தனித்திருந்தே கேட்டனர். தனிமை தனிமையோடு பேசத் தொடங்கியது.

அழும் பாட்டுகள்

களிப்பான பாடல்களும் காதற்பாடல்களும் அவற்றுள் ஏராளம் உண்டு. எனினும், நம் சிந்தையைக் கவ்வுவன இருண்ட பாடல்களே.

மிக்கு வெளிவந்த சில மாதங்களுக்குள்ளேயே, 'ஹட்சுனே மிக்குவின் மறைவு' என்னும் பாடல் தோன்றியது. காஸ்மோ என்னும் புனைபெயருடைய இளைஞர் இயற்றியது. அதன் முழுவடிவம் 2008இல் வந்தது. அழிக்கப்படவிருக்கும் ஒரு மென்பொருள், தன்னைப் பாட வைத்தவருக்கு விடை கூறுவதாக அமைந்தது அப்பாடல். ஒரு நிமிடத்துக்கு 240 தட்டு என்னும் விரைவில், எந்த மனிதரும் மூச்சுவிட இடமில்லாத வேகத்தில், சொற்கள் பொழிகின்றன. மூச்சு வேண்டாத குரல் என்பது இயந்திரத்தின் குறை. அக்குறையே அங்கு சாகும் வேளையின் பதற்றமாக மாறிவிடுகின்றது.

2008இல் வந்த மற்றொன்று 'கொக்கோரோ'. 'உள்ளம்' என்பது அச்சொல்லின் பொருள். தனித்து வாழ்ந்த விஞ்ஞானி ஒருவர் இயந்திரச் சிறுமி ஒருத்தியைச் செய்கின்றார். எல்லாம் அமைந்துவிட்டன, உள்ளம் ஒன்றே அமையவில்லை. அதற்காக வாழ்நாளெல்லாம் உழைத்து அவர் மாண்டுபோகின்றார். நூற்றாண்டுகள் சென்றபின் அவள் அதனைக் கண்டெடுத்துத் தன்னுள் ஏற்றுக்கொள்கின்றாள். அக்கணமே மகிழ்ச்சி, துக்கம், நன்றி எல்லாம் ஒருங்கே வெள்ளமெனப் பாய்கின்றன. அதனைத் தாங்கமாட்டாமல் அவள் இயக்கம் நின்றுபோகின்றது.

அதே ஆண்டில் 'தீமையின் பணியாள்' என்னும் கதைப்பாடலும் வந்தது. இரட்டையராய்ப் பிறந்தவருள் ஒருத்தி கொடுங்கோல் இளவரசி. மற்றவன் அவளுடைய பணியாள். மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, தமக்கையின் உடையைத் தான் அணிந்துகொண்டு அவளுக்குப் பதிலாக அவன் கொலைக்களம் ஏறுகின்றான். பாடும் குரல்கள் ககமினே ரின், ககமினே லென் என்னும் இரட்டையர். இருவர் குரலும் ஒரே பெண்ணின் குரலிலிருந்து எடுக்கப்பெற்றவை என்பதை அறியும்போது கதையின் சோகம் இன்னும் ஆழமாகின்றது.

இவையெல்லாம் கதைகள். இவற்றைக் கடந்து, கதைப் போர்வை இன்றி நெஞ்சைத் திறந்து காட்டும் பாடல்களும் பல. 2010இல் ஓவாக்கா என்னும் இளைஞர் இயற்றிய 'உருளும் சிறுமி' அத்தகையது. தோற்றுத் தோற்று, மீண்டும் ஒரு முறை, மீண்டும் ஒரு முறை என்று உருண்டுகொண்டே இருக்கின்றாள் ஒரு பெண். போதுமா என்று யாரோ ஒருவர் அவளை வினவிக்கொண்டே இருக்கின்றார். 2013இல் நெரு என்பவர் இயற்றிய 'தொலைந்தவனின் ஓலம்' பள்ளி மாணவரின் நெஞ்சம். கணக்கையும் மொழிப்பாடத்தையும் கற்பித்தவர்கள், தன்னை எப்படித் தாங்கிக்கொள்வது என்பதைக் கற்பிக்கவில்லையே என்னும் குமுறல் அதில் ஒலிக்கின்றது. மதிப்பெண் பட்டியலே மனிதரின் விலைச்சீட்டு என்று கொள்ளும் நம் நாட்டுக்கும் அது அந்நியப் பாட்டு அன்று.

பாவையும் முகமூடியும்

உணர்ச்சியற்ற குரல் எவ்வாறு உணர்ச்சியூட்டுகின்றது? இதற்கு விடை ஜப்பானியரின் பழங்கலையில் கிடைக்கின்றது.

அவர்களுடைய 'நோ' நாடகத்தில் நடிகர் மரத்தாலான முகமூடி அணிகின்றார். அதில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அமைதி. நடிகர் தலையைச் சிறிது தாழ்த்தினால் முகத்தில் நிழல் விழுகின்றது. அதனை 'மேகம் கவிதல்' என்பர். சிறிது நிமிர்த்தினால் ஒளி படர்கின்றது. மரம் மாறவில்லை, காண்போரின் நெஞ்சமே அம்மரத்தில் தன் துயரை எழுதிக்கொள்கின்றது.

'புன்ராக்கு' என்னும் பாவைக்கூத்திலும் அவ்வாறே. இன்று ஒரு பாவையை மூவர் சேர்ந்து இயக்குகின்றனர். இயக்குவோர் மேடையிலேயே நிற்கின்றனர். அவர்களை எல்லாரும் காண்கின்றனர். பாவைக்காகப் பேசவும் அழவும் ஒருபுறத்தே ஒருவர் அமர்ந்திருக்கின்றார். இது பொம்மை என்பதை அறியாதார் அவ்வரங்கில் எவரும் இல்லை. அறிந்தே அழுகின்றனர்.

அங்கே பாவைக்கு மனிதன் குரல் கொடுத்தான். இங்கே குரலே பாவையாயிற்று. இயற்றியவர் திரைக்குப் பின்னால் நிற்கின்றார். தம் வாயால் சொல்ல நாணியதைப் பாவையின் வாயால் சொல்கின்றார். கேட்பவருக்கும் அது யாரோ ஒரு பாடகியின் துயரமாகத் தோன்றுவதில்லை. பாடகி என்று ஒருத்தி இருந்தால், அத்துயரம் அவளுக்குச் சொந்தம். நாம் அதற்கு விருந்தினர். பாடுபவர் எவருமே இல்லையெனில், அத்துயரம் கேட்பவருக்கே சொந்தமாகிவிடுகின்றது.

அச்சமும் தடையும்

இங்கேதான் பெற்றோர் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுகின்றது. வாழ்வை வெறுக்கும் பாட்டைக் கேட்கும் பிள்ளை, வாழ்வையே வெறுத்துவிடுமோ?

இது புதிய அச்சம் அன்று. 1703ஆம் ஆண்டு, ஓசாகா நகரில் காதலர் இருவர் ஒருங்கே உயிர் துறந்தனர். சில வாரங்களுக்குள் சிக்கமட்சு மொன்சயெமோன் என்னும் பெரும்புலவர் அந்நிகழ்ச்சியை 'சொனெசாக்கியின் காதற் சாவு' என்னும் பாவைக்கூத்தாக எழுதி அரங்கேற்றினார். நகரமே திரண்டு வந்து கண்டது. அதுபோன்ற கூத்துகளும் பெருகின. அதுபோன்ற சாவுகளும் நேர்ந்தன. கலங்கிய அரசு 1723இல் அத்தகைய கூத்துகளைத் தடை செய்தது; உயிர் தப்பியவர்களைத் தண்டித்தது. தடை போட்டவர்கள் கூத்தை நிறுத்தினர். ஆனால், கடனும் குலக்கட்டுப்பாடும் ஊர்ப்பழியும் அவ்விளைஞர்களை நெருக்கியதை நிறுத்தினார்களா என்பதே நம் கேள்வி.

நம் காலத்துக்கு வருவோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் ஜப்பானில் தொடக்கப்பள்ளி முதல் உயர்நிலைப்பள்ளி வரையிலான மாணவர் 514 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அந்நாட்டில் அதுவரை பதிவான எண்ணிக்கைகளுள் அதுவே மிகுதியானது. படிப்பு, குடும்பம், உடல்நலம், தோழமை என்றுதான் அந்நாட்டு அரசின் பதிவேடுகள் காரணங்களை வகைப்படுத்துகின்றன. அந்த இருட்டு முன்பே இருந்தது. பாட்டு அதனைப் படைக்கவில்லை. அதன்மேல் ஒரு விளக்கைப் பிடித்தது. விளக்கை ஊதி அணைப்பதால் அறையில் உள்ள பாம்பு போய்விடாது.

ஆயினும், பாட்டுக்குத் தீங்கே இல்லை என்று முழுப் பொறுப்பு ஏற்று உரைக்கவும் நாம் துணியோம். ஆறாத் துயரில் இருக்கும் பிள்ளை, கதவைத் தாழிட்டு, அதே பாட்டை இரவெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தால், அது மருந்தா நோயா என்பது அந்தப் பிள்ளையைப் பொறுத்தது. அதை அறிய வேண்டுமாயின், அந்தப் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும்.

நாம் கேட்டோம்.

நம் தங்கையின் மகள் பள்ளி இறுதி வகுப்பில் பயில்கின்றாள். சென்ற ஆண்டில் தேர்வுக் காலத்தில் இப்பாடல்களையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் மாலை, திண்ணையில் அருகே அமர்ந்து, "எனக்கும் ஒன்று போட்டுக் காட்டு" என்றோம். சற்றுத் தயங்கினாள். பிறகு ஒன்றைப் போட்டாள். வரிகளின் பொருளையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பாட்டு முடிந்தபின், இதில் உனக்குப் பிடித்தது என்ன என்று வினவினோம்.

"உம்மாவிடம் சொன்னால் பயந்துபோவாங்க மாமா. வாப்பாவிடம் சொன்னால் படிப்பைப் பற்றிப் பேசுவாங்க. இந்தப் பாட்டு பயப்படாது, அறிவுரையும் சொல்லாது" என்றாள்.

அவள் சொற்களில் குற்றச்சாட்டு இல்லை. உள்ளதைச் சொன்னாள். நாமும் உடனே மறுமொழி கூறவில்லை. அடுத்த பாட்டைப் போடச் சொன்னோம். மூன்றாவது பாட்டு முடியும்போது, பாட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு அவள் தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தாள். மதிப்பெண் குறைந்ததும், உயிர்த்தோழி ஒருத்தி விலகிப்போனதும், இரவுகளில் உறக்கம் வராததும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. மஃரிபுக்கு பாங்கு சொல்லும் வரையில் பேசினாள். பின்னர் அவளுடைய உம்மாவையும் அருகில் அழைத்துக்கொண்டோம். உம்மா பயப்படத்தான் செய்தார். ஆனாலும் மகளின் கையைப் பற்றிக்கொண்டு இறுதிவரை இடைமறிக்காமல் கேட்டார். உறக்கமின்மைக்காக மருத்துவர் ஒருவரிடமும் அழைத்துச் சென்றார். இப்போது நன்றாக இருக்கின்றாள், பாட்டும் கேட்கின்றாள்.

பாடுவது யார், கேட்பது யார்

இத்துறையில் 2012ஆம் ஆண்டு ஒரு பெரும் முயற்சி நிகழ்ந்தது. ஷிபுயா கெயிச்சிரோ என்னும் இசையமைப்பாளர், மேடையில் மனிதப் பாடகரோ இசைக்குழுவோ இல்லாத ஓர் இசைநாடகத்தைப் படைத்தார். பெயர் 'முடிவு'. அதில் மிக்கு, நானும் சாவேனா என்று சாவைக் குறித்து வினவுகின்றாள். ஜப்பானின் யமகுச்சி நகரில் அரங்கேறிய அந்நாடகம், மறு ஆண்டில் பாரிஸ் நகரின் ஷாட்லே அரங்கு வரை சென்றது. அதனைப் படைத்தவர் 2008இல் தம் துணைவியை இழந்தவர். மறு ஆண்டில் அவ்வம்மையாரின் பெயர் தாங்கிய பியானோ இசைத்தட்டு ஒன்றையும் வெளியிட்டவர். சாகாத பாவை சாவைப் பற்றிக் கேட்கும் கேள்விக்குப் பின்னால், சாவைக் கண்ட ஒரு மனிதர் நிற்கின்றார்.

'உருளும் சிறுமி'யை இயற்றிய ஓவாக்கா, 2019 ஏப்ரல் 5ஆம் நாள், 31ஆம் வயதில், இதயம் செயலிழந்து காலமானார். அழிக்கப்படப் போகின்றேனே என்று இயந்திரம் மனிதரிடம் விடைபெறுவதாக முன்பு பாடினார்கள். உண்மையில் நிகழ்ந்தது வேறு. மனிதர் மறைந்தார், இயந்திரத்தின் குரல் அவர் இயற்றியதை இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றது. அவர் எந்த அறையில், எந்த இரவில், என்ன எண்ணி அதை இயற்றினாரோ, அந்தக் குரல் அறியாது. போதுமா என்னும் கேள்வியை அது ஆயிரம் முறை பாடும். ஒரு முறையும் விடைக்காகக் காத்திராது.

இயந்திரக் குரலின் எல்லை அதுதான் என்று நமக்குத் தோன்றுகின்றது. அது பயப்படாது என்றாள் நம் மருமகள். உண்மைதான். அன்பு இல்லாத இடத்தில் அச்சமும் இல்லை. உம்மா பயந்தது, இழக்க அஞ்சியதால். அந்த அச்சத்தை அடக்கிக்கொண்டு அமர்ந்து கேட்டாரே, அது எந்த மென்பொருளாலும் இயலாத செயல். சொல்ல முடியாததைச் சொல்லிக்காட்டப் பாவைக்கு இயலும். சொன்ன பின் தலையை மடியில் சாய்த்துக்கொள்ள அதற்கு மடி இல்லை.

ஆகவே, பிள்ளைகளின் காதிலிருந்து அந்தப் பாட்டைப் பறித்துவிடுங்கள் என்று நாம் சொல்லமாட்டோம். பழம் ஜப்பானின் அரசு பறித்துப் பார்த்தது. பறித்தால் பாட்டு நிற்கும், துயரம் நிற்காது, அது வேறொரு தாழிட்ட கதவுக்குப் பின்னால் சென்று அமரும். பிள்ளை கேட்கும் பாட்டு எது, அதன் பொருள் என்ன, அதில் தன்னைக் கண்ட இடம் எது என்று அருகமர்ந்து வினவுங்கள். வினவிய பின், அறிவுரை நாவின் நுனிக்கு வந்தாலும் சற்றே விழுங்கிக்கொள்ளுங்கள். கேட்டது கனமாக இருந்தால், மருத்துவரை நாடத் தயங்காதீர்கள். காய்ச்சலுக்கு நாடுவதில் வெட்கம் இல்லையெனில், மனத்தின் காய்ச்சலுக்கு நாடுவதிலும் வெட்கம் இல்லை.

எங்கோ ஒரு பனிநாட்டில், யாரோ ஓர் இளைஞர், யாரிடமும் சொல்ல முடியாததைப் பாவை ஒன்றின் வாயில் வைத்தார். அது கடல் கடந்து வந்து, நம் வீட்டுத் திண்ணையில் ஒரு பிள்ளையின் வாயைத் திறந்தது. பாட்டு தன் வேலையைச் செய்துவிட்டது. எஞ்சியிருப்பது நம் வேலை.